மிதிக்கிறவரின் பெயர்: 'வாக்கர்' என்னும் குடும்பப்பெயர் நமக்குச் சொல்லும் செய்தி

தியானப் பகுதி: சங்கீதம் 51:1-12; ஏசாயா 7:1-9; மல்கியா 3:1-4



பரிசுத்த வேதாகமத்தில் பெயர்கள் வெறும் அடையாளங்கள் அல்ல. ஆபிராம் ஆபிரகாமாகிறான், யாக்கோபு இஸ்ரவேலாகிறான், மீன்பிடித்த சீமோன் பேதுருவாகிறான். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வாழ்வும், அவ்வாழ்வைத் தொட்ட ஒரு கரமும் இருக்கின்றன. வேதத்திற்கு வெளியே வழங்கும் பெயர்களும் சில வேளைகளில் அவ்வாறே பேசுகின்றன. இவ்வாரம் 'வாக்கர்' என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயரைத் தியானத்திற்கு எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இப்பெயர் புதியதல்ல. 1885ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற்கு வந்து, 1912இல் மசூலிப்பட்டினத்தில் மரிக்கும்வரை ஊழியம் செய்த தாமஸ் வாக்கர் ஐயரை மூத்தோர் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். ஏமி கார்மைக்கேல் அம்மையாருக்குத் தமிழ் கற்பதிலும் ஊழியத்திலும் வழிகாட்டியாயிருந்தவர் அவரே.

நடக்கிறவரா?

பள்ளியில் ஆங்கிலம் கற்ற எவரும் 'வாக்கர்' என்றால் நடக்கிறவர் என்றே பொருள் சொல்வர். ஏனோக்கு தேவனோடே சஞ்சரித்ததை நினைவுகூர்ந்து, அழகான பெயர் என்று மகிழ்வோரும் உண்டு. ஆனால் அப்பெயர் பிறந்த காலத்தில் அதன் பொருள் அதுவன்று.

இங்கிலாந்தில் நெடுங்காலம் மனிதருக்கு ஒரே பெயர்தான் இருந்தது. 1066ஆம் ஆண்டு நார்மானியர் அந்நாட்டைக் கைப்பற்றிய பின்னரே தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் குடும்பப்பெயர்கள் மெல்ல வேரூன்றின. ஓர் ஊரில் பத்து யோவான்கள் இருந்தால் வரி எழுதுகிறவன் அவர்களை எவ்வாறு பிரித்தறிவான்? ஒருவனைத் தந்தையின் பெயரால் குறித்தான். ஒருவனை அவன் வாழ்ந்த இடத்தால் குறித்தான். ஒருவனை உருவத்தாலோ குணத்தாலோ குறித்தான். இன்னொருவனை அவன் செய்த தொழிலால் குறித்தான். கொல்லன் 'ஸ்மித்' ஆனான். தையற்காரன் 'டெய்லர்' ஆனான். ரொட்டி சுடுகிறவன் 'பேக்கர்' ஆனான். 1400ஆம் ஆண்டையொட்டிய காலத்திற்குள் ஆங்கிலேயக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய பெயர் நிலைத்துவிட்டது.

'வாக்கர்' என்பதும் தொழிற்பெயரே. பழைய ஆங்கிலத்தில் 'வெயல்கன்' என்றொரு வினைச்சொல் இருந்தது. உருட்டுதல், புரட்டுதல், அலைக்கழித்தல் என்பன அதன் பொருள். புதிதாய் நெய்த கம்பளித் துணியை நீரிலிட்டு மிதித்துப் புரட்டிப் பதப்படுத்துகிறவன் 'வெயல்கெரெ' எனப்பட்டான். அச்சொல்லே திரிந்து 'வாக்கர்' ஆயிற்று. அந்த வினைச்சொல் காலால் நடத்தல் என்னும் இன்றைய பொருளைப் பெற்றது பின்னாளில்தான். ஆகவே வாக்கர் என்பவர் பாதையில் நடந்தவர் அல்லர். தொட்டிக்குள் நின்று துணியை மிதித்தவர்.

தொட்டிக்குள் நடந்தது என்ன?

தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி உடுத்துவதற்கு ஏற்றதன்று. ஆட்டின் உடலிலிருந்த கொழுப்பும், நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் அதில் படிந்திருக்கும். இழைகளுக்கிடையே இடைவெளி இருக்கும். காற்றும் நீரும் எளிதில் உட்புகும். பார்வைக்குத் துணிதான், பயனுக்கோ இன்னும் துணியாகவில்லை.

அதை ஒரு தொட்டியிலிட்டு, நாட்பட்ட சிறுநீர் கலந்த நீரை ஊற்றுவார்கள். அதிலுள்ள காரம் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும். ஒருவகைக் களிமண்ணையும் சேர்ப்பார்கள். நம் வீடுகளில் முகத்திற்குப் பூசும் முல்தானி மட்டியை நாம் அறிவோம். அவ்வகை மண்ணுக்கு ஆங்கிலத்தில் இன்றும் துணி மிதிப்பவரின் மண் என்னும் பொருளுடைய பெயரே வழங்குகிறது. பின்பு ஆட்கள் வெறுங்காலோடு தொட்டிக்குள் இறங்கி, மணிக்கணக்காக மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்க அழுக்கு நீங்கும். இழைகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணையும். துணியின் நீளமும் அகலமும் வெகுவாய்ச் சுருங்கும். அளவில் சிறுத்துத் தன்மையில் உறுதிப்பட்ட அத்துணியே குளிரையும் மழையையும் தாங்கும் ஆடையாகும்.

இத்தொழில் மிகப் பழமையானது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பாம்பேய் நகரத்தைத் தோண்டியபோது, துணி வெளுக்கும் பட்டறைகள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றிலிருந்த ஓவியத்தில், தொட்டிகளுக்குள் நின்று துணி மிதிக்கும் தொழிலாளர்களை இன்றும் காணலாம். அவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. துர்நாற்றமுள்ள வேலை, கால்களைப் புண்ணாக்கும் வேலை. ஆனால் ரோமப் பிரபுக்கள் வெண்மையான ஆடையணிந்து சபையில் வீற்றிருந்தது அவர்களுடைய கால்களால்தான்.

ஒரு தொழில், மூன்று பெயர்கள்

இடைக்கால இங்கிலாந்தின் செல்வம் ஆட்டுமயிரில் இருந்தது. ஆகையால் இத்தொழிலும் நாடெங்கும் பரவியிருந்தது. ஆனால் பகுதிக்கொரு பெயர் வழங்கியது. வடக்கிலும் நடுநாட்டிலும் இத்தொழிலாளியை 'வாக்கர்' என்றார்கள். தெற்கிலும் கிழக்கிலும் 'ஃபுல்லர்' என்றார்கள். இது துணி வெளுப்பவனைக் குறிக்கும் 'ஃபுல்லோ' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டெவன், சாமர்செட் முதலான தென்மேற்குப் பகுதிகளில் 'டக்கர்' என்றார்கள். இதற்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருள், வதைத்தல், துன்புறுத்தல் என்பதாகும். துணி படும் பாட்டைக் கண்ணால் கண்ட மக்கள் அச்சொல்லை இத்தொழிலுக்கும் சூட்டிவிட்டார்கள்.

காலப்போக்கில் மனிதக் கால்களின் வேலையை நீராலை ஏற்றது. நீர்ச்சக்கரத்தால் இயங்கும் மரச் சம்மட்டிகள் துணியை இடித்தன. 1185ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் இத்தகைய ஆலைகள் இருந்ததற்குப் பதிவு உண்டு. பின்வந்த நூற்றாண்டில் இவை பெருகியதை, 13ஆம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே ஒரு வரலாற்றாசிரியர் அழைத்தார். எனினும் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், பெண்கள் கூடியமர்ந்து நனைந்த கம்பளியைப் பலகையில் அடித்து, அதன் தாளத்திற்கேற்பப் பாடிப் பதப்படுத்தும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

தொழில் ஆலைக்குப் போயிற்று. பெயரோ மனிதரிடம் தங்கிவிட்டது. இன்று இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் முதல் இருபது குடும்பப்பெயர்களுள் வாக்கர் ஒன்று. அமெரிக்காவிலும் அது மிகுதியாக வழங்குகிறது. அங்கே இப்பெயரைத் தாங்குவோரில் கணிசமானோர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். அடிமைத்தனத்தின் கீழ் மிதிக்கப்பட்ட மக்களின் சந்ததியார் மிதிப்பவரின் பெயரைத் தாங்கி நிற்பது வரலாற்றின் விந்தையே. அவர்களுள் ஒருவரான டேவிட் வாக்கர், 1829ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்திலிருந்து ஒரு நூலை வெளியிட்டு, கிறிஸ்துவின் நாமத்தைச் சொல்லிக்கொண்டே மனிதரை விற்று வாங்கிய தேசத்தை வேதவசனத்தைக் கொண்டே கண்டித்தார்.

நம் தேசத்தின் திருச்சபை வரலாற்றிலும் இம்மூன்று பெயர்களும் பதிந்துள்ளன. 1792ஆம் ஆண்டு கெட்டரிங் ஊரில் பாப்டிஸ்டு மிஷனரி சங்கம் உருவானபோது அதன் முதல் செயலாளரானவர் ஆண்ட்ரூ ஃபுல்லர். வில்லியம் கேரி வங்காளத்தில் உழைத்த காலத்தில், 1815இல் தாம் மரிக்கும்வரை அவரைத் தாய்நாட்டிலிருந்து தாங்கியவர் அவர். 1882இல் இரட்சணிய சேனையை இந்தியாவுக்குக் கொணர்ந்தவர் ஃபிரெடரிக் டக்கர். இந்திய உடையணிந்து, வெறுங்காலோடு ஊர் ஊராய்ச் சென்றவர். பாளையங்கோட்டையிலுள்ள சாராள் டக்கர் கல்லூரியின் பெயரோ, நம் மண்ணை ஒருமுறையும் மிதியாமலே நம் பெண்பிள்ளைகளின் கல்விக்காகப் பாரப்பட்ட ஒரு சகோதரியின் பெயர். இவர்களோடு வாக்கர் ஐயரையும் சேர்த்தால் ஒரே தொட்டியிலிருந்து வந்த மூன்று பெயர்களும் நிறைவாகின்றன. பெயரின் பொருளை அவர்கள் எண்ணினார்களோ இல்லையோ, அவர்களுடைய உழைப்பினால் நாம் பயனடைந்தோம்.

தாவீது கேட்ட கழுவுதல்

இனி வேதத்திற்கு வருவோம். எபிரெய மொழியில் கழுவுதலுக்கு வெவ்வேறு சொற்கள் உண்டு. முகம், கை, கால் முதலான உடலைக் கழுவுவதற்கு ஒரு சொல். துணியைத் துவைப்பதற்கு வேறொரு சொல். இரண்டாவது சொல் 'காபஸ்' என்பது. துணியை மிதித்தும் கசக்கியும் வெளுக்கும் செயலை அது குறிக்கிறது. வண்ணானைக் குறிக்கும் எபிரெயச் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே.

பத்சேபாளிடத்தில் பாவஞ்செய்து, உரியாவைக் கொல்லுவித்து, நாத்தானால் உணர்த்தப்பட்ட தாவீது 51ஆம் சங்கீதத்தில் தன்னைக் கழுவும்படி மன்றாடுகிறான். இரண்டாம் வசனத்திலும் ஏழாம் வசனத்திலும் அவன் எடுத்தாளும் சொல், உடலைக் கழுவும் சொல்லன்று. துணியைத் துவைக்கும் சொல்லே. மேலே படிந்த தூசியை நீர் தெளித்து நீக்கும்படி அவன் கேட்கவில்லை. ஆண்டவரே, அழுக்கேறிய துணியாய் உமது தொட்டியில் கிடக்கிறேன். இழைக்குள் ஊறியது வெளியேறும்வரை என்னை விடாதேயும் என்பதே அவனுடைய வேண்டுதலின் உட்கருத்து.

பிரியமானவர்களே, நாம் பெரும்பாலும் கேட்பது எது? பாவத்தின் விளைவு நீங்கினால் போதும், மனச்சாட்சியின் குத்தல் அடங்கினால் போதும், சபையில் நம் பெயர் கெடாதிருந்தால் போதும் என்று எண்ணுகிறோம். தெளிப்பை விரும்புகிறோம், துவைப்பை விரும்புவதில்லை. எரேமியா 2:22இல் கர்த்தர் இதைக் குறித்தே பேசுகிறார். மனிதன் எவ்வளவு உவர்மண்ணையும் சவுக்காரத்தையும் கொண்டு தன்னைத்தானே கழுவினாலும் அக்கிரமத்தின் கறை அவருடைய சமுகத்தில் அப்படியே நிற்கிறது. துணி தன்னைத்தானே மிதித்துக்கொள்ள முடியாது. மிதிக்கிறவர் ஒருவர் வேண்டும்.

எருசலேமுக்கு வெளியே, மேல்குளத்து வாய்க்காலுக்கு அருகில், வண்ணார்துறை என்றோர் இடம் இருந்தது. ஏசாயாவின் புத்தகத்தில் அது இரண்டுமுறை வருகிறது. ஏழாம் அதிகாரத்தில் இரண்டு ராஜாக்களின் படையெடுப்புக்கு அஞ்சி நடுங்கிய ஆகாசை அங்கே சந்தித்து, பயப்படாதே என்று சொல்லும்படி கர்த்தர் ஏசாயாவை அனுப்புகிறார். ஆகாஸ் விசுவாசியாமல் அசீரியாவின் உதவியை நாடினான். முப்பத்தாறாம் அதிகாரத்தில், அவன் நாடிய அதே அசீரியாவின் தளபதி ரப்சாக்கே, அதே வண்ணார்துறை வழியில் வந்து நின்று, ஆகாசின் மகனாகிய எசேக்கியாவை நிந்திக்கிறான். தகப்பன் துவைக்கப்பட மறுத்த இடத்தில் மகன் சோதிக்கப்பட்டான். எசேக்கியாவோ நிருபத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் விரித்து ஜெபித்தான். ஒரே துறை; ஒருவன் மறுத்தான், ஒருவன் இணங்கினான்.

கர்த்தர் ஏற்ற உவமை

மல்கியா மூன்றாம் அதிகாரம், தம்முடைய ஆலயத்திற்கு வரும் ஆண்டவரை இரண்டு தொழில்களைக் கொண்டு வருணிக்கிறது. ஒன்று, வெள்ளியைப் புடமிடுகிறவனின் அக்கினி. மற்றொன்று, வண்ணாருடைய சவுக்காரம். முதலாவது உவமையைக் குறித்து நாம் பலமுறை பிரசங்கம் கேட்டிருக்கிறோம். இரண்டாவதைக் கடந்து சென்றுவிடுகிறோம்.

நம் தமிழ் வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே கருத்தோடு சொல்லைத் தெரிந்தெடுத்தார்கள். கம்பளியை மிதித்துப் பதப்படுத்தும் தொழில் வெப்பமும் பருத்தியும் நிறைந்த நம் நாட்டிற்குரியதன்று. ஏசாயா 1:18இல் எபிரெயம் ஆட்டுமயிர் என்று சொல்லுமிடத்திலும் நம் வேதாகமத்தில் பஞ்சு என்றே உள்ளது. அவ்வாறே துணி மிதிப்பவர் நின்ற இடத்தில் வண்ணார் வந்து நின்றார். அதனால் அந்த உவமை நமக்கு ஆங்கிலேயரைக் காட்டிலும் கூர்மையாயிற்று.

ஏனெனில் இங்கிலாந்தில் தொழில் போய்ப் பெயர் மட்டும் நின்றது. ஒரு வாக்கர் போதகராகலாம், நீதிபதியாகலாம்; உம்முடைய முன்னோர் நாற்றமெடுக்கும் தொட்டியில் நின்றவர் அல்லவா என்று அவரை எவரும் கேட்பதில்லை. நம் சமூகத்திலோ துணி வெளுத்தவர்களின் தொழிலைப் பிறப்போடு கட்டிவைத்தோம். நம்முடைய அழுக்கைச் சுமந்தவரை வாசற்படிக்கு வெளியே நிறுத்தினோம். அவர் கையால் வெளுத்த ஆடையை உடுத்திக்கொண்டு அவரையே அசுத்தர் என்றோம். அவர்களுடைய தொழிலின் பெயரை ஏச்சாகவும் மாற்றினோம். சேனைகளின் கர்த்தரோ தம்முடைய வருகைக்கு உவமையாக அவர்களுடைய சவுக்காரத்தைத் தெரிந்துகொண்டார். வேதத்தை வாசித்த வாயால் ஒருவருடைய தொழிலையோ பிறப்பையோ இழிவாய்ப் பேசுகிறவன், கர்த்தர் தமக்கு ஏற்ற உவமையையே இழிவாய்ப் பேசுகிறான். திருமணப் பேச்சிலும், கல்லறைத் தோட்டத்திலும், சபைத் தேர்தலிலும் நாம் இதை நினைவில் வைக்கவேண்டும்.

மிதிக்கிறவர் எங்கே நிற்கிறார்?

இங்கே ஓர் எச்சரிப்பு அவசியம். துன்பத்தில் இருக்கும் எவரிடமும் சென்று, கர்த்தர் உம்மை மிதிக்கிறார் என்று நாம் எளிதாய்ச் சொல்லிவிடக் கூடாது. மனிதர் செய்யும் கொடுமைக்குத் தேவனுடைய பெயரைச் சூட்டுவது பாவம். வீட்டில் அடிக்கப்படுகிற மனைவியிடமும், கூலி மறுக்கப்பட்ட வேலையாளிடமும், இது உம்மைச் சுத்திகரிக்கும் பாடு என்று சொல்லுகிறவன் தாவீதின் சங்கீதத்தைத் தவறாய் வாசிக்கிறான். அங்கே தாவீது தன் பாவத்திற்காகத் தானே கேட்டான். உரியாவின் துன்பத்தை அவன் அவ்வாறு விளக்கவில்லை.

அழிக்கும்படி மிதிப்பதும் வெளுக்கும்படி மிதிப்பதும் ஒன்றல்ல. ஆதித் திருச்சபையின் வரலாற்றை எழுதிய யூசேபியு, கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபின் மரணத்தைக் குறித்த ஒரு பழைய மரபை எடுத்துரைக்கிறார். அதன்படி, தேவாலயத்தின் உயரத்திலிருந்து தள்ளப்பட்டு, தன்னைக் கல்லெறிந்தவர்களுக்காக முழங்காலில் நின்று ஜெபித்த யாக்கோபை, துணி வெளுக்கிறவன் ஒருவன் தன் தொழிலுக்குரிய தடியால் தலையில் அடித்துக் கொன்றான். ஆடையை வெண்மையாக்கும் அதே கருவி, பகை கொண்ட கையில் கொலைக்கருவியாயிற்று. கருவியைக் கொண்டு அல்ல, அதைப் பிடித்திருக்கும் கையைக் கொண்டே நாம் நிதானிக்கவேண்டும்.

நம்மைத் துவைக்கிறவருடைய கை எத்தன்மையது? மறுரூப மலையிலே அவருடைய வஸ்திரம் பூமியிலுள்ள எந்த வண்ணானாலும் வெளுக்கக் கூடாத வெண்மையாய்ப் பிரகாசித்தது என்று மாற்கு எழுதுகிறார். அவருக்குத் துவைக்கவேண்டிய அழுக்கு ஒன்றுமில்லை. ஆயினும் அவர் அந்த மலையிலிருந்து இறங்கி வந்தார். மேல்வீட்டறையிலே வஸ்திரங்களைக் கழற்றி வைத்து, சீலையைக் கட்டிக்கொண்டு, சீஷரின் கால்களைக் கழுவினார். சிலுவையண்டையில் போர்ச்சேவகர் அவருடைய வஸ்திரங்களைப் பங்கிட்டார்கள்.

துணி மிதிப்பவன் கரையில் நின்றபடி தன் வேலையைச் செய்ய முடியாது. துணி கிடக்கும் அதே நீரில் அவனும் இறங்க வேண்டும். அதே நாற்றம் அவன்மேலும் ஏறும். துணியின் அழுக்கு அவன் கால்களில் படியும். கர்த்தர் ஏற்ற உவமையின் ஆழம் இதுவே. அவர் தூரத்தில் நின்று நம்மைச் சுத்தமாகும்படி கட்டளையிடவில்லை. நம்முடைய தொட்டிக்குள் இறங்கினார். தண்டிக்கிறவர் அவ்வாறு செய்யத் தேவையில்லை; இரட்சிக்கிறவரே அவ்வாறு செய்வார். வெளிப்படுத்தின விசேஷம் ஏழாம் அதிகாரத்தில் சிங்காசனத்திற்கு முன்பாக வெள்ளை அங்கி தரித்து நிற்கிற திரளான கூட்டத்தார், தங்கள் அங்கிகளை வெளுத்தது ஆட்டுக்குட்டியானவருடைய இரத்தத்திலே என்று அறிகிறோம்.

ஆகையால், உள்ளத்தில் மறைத்து வைத்த ஒரு பாவத்தோடு இவ்வாரம் இதை வாசிக்கிற சகோதரனே, சகோதரியே, தெளிப்போடு நின்றுவிடாதிருங்கள். தாவீதைப்போல உங்களை முழுமையாய் ஒப்புக்கொடுங்கள். அவருடைய கையில் நீங்கள் சற்றுச் சிறுத்துப் போகலாம்; பெருமையின் நீளமும் அகலமும் குறைந்துபோகலாம். ஆனால் கிழிந்துபோக மாட்டீர்கள். மிதித்து முடித்த துணியை எவனும் எறிந்துவிடுவதில்லை. உடுத்துவதற்காகவே அவன் அத்தனை பாடுபட்டான்.

ஜெபம்

பரிசுத்தமுள்ள பிதாவே, எங்கள் அழுக்கைக் கண்டும் எங்களை விட்டு விலகாமல், உம்முடைய குமாரனில் எங்கள் நடுவே இறங்கி வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். மேலோட்டமான சுத்தத்தோடு திருப்தியடையாதபடி எங்களைக் காத்துக்கொள்ளும். பிறருடைய தொழிலையும் பிறப்பையும் இழிவாய் எண்ணிய எங்கள் இருதயங்களை மன்னித்து மாற்றும். அநியாயமாய் மிதிக்கப்படுகிறவர்களுக்கு நியாயஞ்செய்யும். அவர்கள் பக்கத்தில் நிற்க எங்களுக்குத் தைரியம் தாரும். எங்களை வெளுக்கிறவராகிய இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம். ஆமென்.